மறு: மூளை அழுத்தமா, மண்டையக அழுத்தமா?

அன்பர்களே,
தலையில் பலத்த அடிபட்டு நினைவின்றித் தீவிர சிகிச்சையில் இருக்கும் குழந்தைகளின் பெற்றோருக்கான கையேட்டைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். மண்டை ஓட்டில் சிறு துளையிட்டு, மெல்லிய உணரியைச் செருகி, உள்ளே அழுத்தம் ஏறுகிறதா என்று விடாமல் பார்க்கிறார்களே, அதற்கு என்ன சொல்ல? ‘மூளை அழுத்தக் கண்காணிப்பு’ என்று எழுதினேன். படித்தவர், “பிள்ளைக்கு என்ன மனக்கவலை?” என்கிறார்.

—

> மூளை அழுத்தம்

பொருளும் பிழை. மூளை, இரத்தம், மூளைத் தண்டுவடத் திரவம் மூன்றும் விரியாத ஓட்டுக்குள் அடங்க வேண்டும். மூளை வீங்கினால் மற்ற இரண்டும் கொஞ்சம் வழிவிடும். அதற்குமேல் இடமில்லாதபோது அழுத்தம் கிடுகிடுவென ஏறும். ஆக, அது மண்டைக்குள் உள்ள அழுத்தம். மண்டை + அகம். யகர உடம்படுமெய் தானே வந்து உட்காருகிறது. மண்டையக அழுத்தம்.

—

ஐயா, புறநானூற்றில் ‘மண்டை’ பாணர் ஏந்தும் உண்கலம். வடமொழிக் ‘கபால’மும் முதலில் ஓடு, கலம்தான். இரு மொழியும் ஒரே வழியில் போயிருப்பது அழகு! ஆனால் ‘மண்டையைப் போடுவது’ என்றால் இன்று என்ன பொருள்? அதைப் பெற்றோர் கையில் கொடுக்கலாமா? ‘தலையகம்’ எனலாம்.

—

‘தலையகம்’ தலைமையகம் போல இருக்கிறது.

—

நான் செவிலி. கட்டிலருகே எல்லாரும் இந்த அழுத்தத்தை ‘ஐசிபி’ (intracranial pressure என்பதன் சுருக்கம்) என்றுதான் சொல்கிறோம். 20 மி.மீ. பாதரசத்தைத் தாண்டி இறங்காமல் நின்றால் ஓடுவோம். சளி உறிஞ்சும்போது எண் சட்டென்று ஏறி இறங்கும். பெற்றோர் அதைப் பார்த்துப் பதறுவார்கள். அவர்களுக்கு வேண்டியது அந்த விளக்கம். அப்புறம் ஐயா, ‘விரியாத ஓடு’ என்றீர்கள். கைக்குழந்தைக்கு உச்சிக்குழி மூடியிருக்காது. அதற்காக அழுத்தம் ஏறாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, அதையும் எழுதுங்கள்.

—

> கண்காணிப்பு

காவல்துறை வாடை. ‘தொடர் அளவீடு’ நல்லது.

—

நன்றி. ‘தலை உள்ளழுத்தத் தொடர் அளவீடு’ என்று போட்டு, பக்கத்தில் ஐசிபி என்றும் எழுதி அனுப்பிவிட்டேன். மண்டையகத்துக்குத்தான் ஆதரவு அதிகம், தெரியும். மன்னிக்கவும்.

—

அனுப்பியது போகட்டும். சராசரித் தமனி அழுத்தத்திலிருந்து இதைக் கழித்தால் வருகிறதே, மூளைக்கு இரத்தத்தைத் தள்ளும் அழுத்தம், அதற்கு உங்கள் ‘தலை உள்’ளை வைத்துக்கொண்டு என்ன பெயர் வைப்பீர்கள்?