கரும்புத் தோகை உரசிய கார் கதவுகளில் மெல்லிய கீறல்கள்: வீட்டிலேயே போக்க முடியுமா?

ஃப்ளாக் வாசகன்

அன்பர்களுக்கு வணக்கம். ஜப்பானில் ஓடி, பின்னர் மொரீஷியசுக்கு இறக்குமதியான கருநீலக் கார் ஒன்று என்னிடம் இருக்கிறது. எங்கள் வீட்டுக்குப் போகும் பாதை கரும்புத் தோட்டங்களின் நடுவே செல்கிறது. அறுவடைக்கு முந்தைய மாதங்களில் தோகைகள் சாலைமீது சாய்ந்து கிடப்பதால், எதிரே லாரி வரும்போது ஓரம் ஒதுங்கினால் வண்டியின் இடப்பக்கம் அவற்றில் உரசாமல் தப்புவதில்லை. காலை வெயில் சாய்வாக விழும்போது இடப்பக்கக் கதவுகள் இரண்டிலும் மயிரிழை போன்ற கோடுகள் வரிசையாகத் தெரிகின்றன. கைப்பிடிக்குப் பின்னுள்ள குழிவில் நகமும் மோதிரமும் பட்ட அரைவட்டக் கீறல்களும் உண்டு. முன்கதவின் கீழ்ப்பகுதியில் மட்டும் விரல் நீளத்துக்கு ஒரு கோடு சற்று வெளுத்துத் தெரிகிறது.

பட்டறை ஒன்றில் காட்டியபோது இரண்டு கதவுகளுக்கும் முழுவதுமாகப் புதிய பெயின்ட் அடிக்க வேண்டும் என்றார்கள். உறவினர் ஒருவரோ பற்பசையைத் தேய்த்தாலே போதும் என்கிறார். அறுவடை முடிந்துவிட்டதால் இப்போதைக்குப் புதுக் கீறல் விழாது; தைப்பூசத்துக்கு முன் இதைச் சரிசெய்ய விரும்புகிறேன். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ரோஸ் ஹில் பட்டறைக்காரர்

தம்பி, வெளுத்த கோட்டைத் தவிர மற்றவற்றுக்குப் புதிய பெயின்ட் தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை. கையில் எதையும் எடுப்பதற்கு முன் இரண்டு சோதனைகளைச் செய்து பாருங்கள். கீறலின் குறுக்கே விரல் நகத்தை மெதுவாக ஓட்டுங்கள்; நகம் சிக்காமல் வழுக்கிச் சென்றால் அது மேலோட்டமான கீறல். பிறகு அந்த இடத்தைத் தண்ணீரால் நனையுங்கள். ஈரம் இருக்கும்வரை கோடு மறைந்து, காய்ந்ததும் மீண்டும் தெரிந்தால், கீறல் மேலே உள்ள நிறமற்ற கிளியர் கோட்டைத் தாண்டவில்லை என்று பொருள்.

அந்தக் கிளியர் கோட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் எல்லாம் அதில்தான் அடங்கியிருக்கிறது. இக்காலக் கார்களில் தகட்டின்மேல் பிரைமர் என்னும் அடிப்பூச்சு, அதன்மேல் நிறம், அதற்கும் மேல் கிளியர் கோட் என்று அடுக்குகள் இருக்கும். கிளியர் கோட்டின் தடிமன் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான்தான். நாம் எழுதும் தாளின் தடிமனில் ஏறத்தாழப் பாதி. சூரியனின் புற ஊதாக் கதிரைத் தடுத்து நிறத்தைக் காப்பதும் அதுவே. பாலிஷ் செய்வது கீறலை நிரப்பும் வேலை அன்று. கீறலைச் சுற்றியுள்ள பரப்பை அதன் அடிமட்டத்துக்குச் சமமாகத் தேய்த்து இறக்கும் வேலை. அப்படித் தேய்ந்த கிளியர் கோட் மீண்டும் வளராது. நம் தீவின் வெயிலில், மிகுதியாகத் தேய்க்கப்பட்ட கூரையும் பானெட்டும் சில ஆண்டுகளில் வெளுத்து, தோல் உரிவதைப்போல் உரிந்து வருவதைச் சாலையில் நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆகவே மிகக் குறைவாகத் தேய்க்கும் வழியிலேயே தொடங்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

கரும்புத் தோகையின் விளிம்பில் சிலிக்கா செறிந்த நுண்ணிய பற்கள் உண்டு. அவை இழுக்கும் கோடுகள் கண்ணை உறுத்தினாலும் பெரும்பாலும் ஆழமற்றவை. கோட்டின் கூரான விளிம்புகளில் ஒளி சிதறுவதால்தான் கருநீல வண்டியில் அவை அவ்வளவு பளிச்சென்று தெரிகின்றன. அந்த விளிம்புகள் மழுங்கினாலே பாதிக்கு மேல் மறைந்துவிடும்.

வெயில் ஏறும் முன், நிழலில், தகடு தொடுவதற்குக் குளிர்ச்சியாக இருக்கும்போது வேலையைத் தொடங்குங்கள். வண்டியை நன்றாகக் கழுவுங்கள். கழுவிய பின்னும் கதவைத் தடவினால் சொரசொரப்பாக இருந்தால், வழுக்கும் திரவத்தைத் தெளித்து, கார்களுக்கென விற்கும் களிமண் கட்டியால் அழுத்தாமல் துடைத்தெடுங்கள். ரப்பர் பட்டைகள், கறுப்புப் பிளாஸ்டிக் பாகங்கள், கதவின் விளிம்புகள் ஆகியவற்றின்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். விளிம்புகளில்தான் பெயின்ட் மிக மெல்லியது, அங்கேதான் முதலில் அடியிலுள்ள அடுக்கு தெரிந்துவிடும். பிறகு மென்மையான ஃபோம் பேடில் மென்மையான பாலிஷைச் சில துளிகள் விட்டு, இரண்டு உள்ளங்கை அகலமுள்ள இடத்தில் மட்டும் தேய்த்துப் பாருங்கள். அந்தச் சோதனை இடத்தில் பலன் போதுமானால் கதவு முழுவதையும் அதே முறையில் செய்யலாம். போதாவிட்டால் மட்டும் அடுத்த படியான காம்பவுண்டுக்கு, அதாவது பாலிஷைவிட வலுவாகத் தேய்க்கும் பசைக்குச் செல்லுங்கள். அதற்குப் பின் மீண்டும் மென்மையான பாலிஷால் முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் காம்பவுண்டு விட்ட மங்கல் படலம் நிற்கும். கைப்பிடிக் குழிவுக்குப் பாலிஷ் இயந்திரம் வேண்டாம்; விரலில் சுற்றிய மைக்ரோஃபைபர் துணியே போதும்.

இயந்திரம் வாங்குவதாக இருந்தால், சுழன்றபடியே அதிரும் டி.ஏ. (டூயல் ஆக்‌ஷன்) வகையை வாங்குங்கள். ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி ஒரே இடத்தில் சூட்டை ஏற்றி, பழகாத கையில் சில நொடிகளில் பெயின்டை எரித்துவிடும்.

மாஹேபூர் வாசகி

பட்டறைக்கார ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பற்பசையைத் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள். அதில் தேய்க்கும் துகள் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அது பல்லுக்காக அளவிடப்பட்டது. ஒவ்வொரு பற்பசையிலும் துகளின் தன்மை மாறுபடும். கருநீலம் போன்ற அடர்நிறத்தில் அதுவே புதிய மங்கலை உண்டாக்கிவிடலாம்.

மண்ணெண்ணெய் தடவுவதும் கடைகளில் விற்கும் சில “கீறல் நீக்கி”களும் வேறு வகை. அவற்றிலுள்ள எண்ணெயும் மெழுகும் கோட்டுக்குள் இறங்கி அதைப் பூசி மெழுகுகின்றன. இரண்டு முறை மழை பெய்ததும் கோடு திரும்பிவிடும். அதனால் எதைத் தேய்த்திருந்தாலும், தண்ணீர் கலந்த ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, டார்ச் விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். உண்மையான நிலை அப்போதுதான் தெரியும்.

கூர்ப்பிப் மழைக்காரர்

கீறலைப் போக்குவது பற்றியே பேசுகிறோம். மெல்லிய கீறல்களில் பெரும்பங்கு கழுவும்போதுதான் விழுகிறது. எங்கள் ஊரில் மழை அடிக்கடி பெய்வதால் வண்டி தானாகக் கழுவப்பட்டுவிட்டது என்று எண்ணி, அப்படியே துணியால் துடைப்பவர்கள் ஏராளம். மழை காய்ந்தபின் தகட்டில் தங்கும் மண்துகளைத் துணியோடு சேர்த்து இழுத்தால், வட்டவட்டமான சிலந்தி வலைக் கோடுகள் உறுதி. முதலில் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணை இறக்குங்கள்; ஷாம்புத் தண்ணீருக்கு ஒரு வாளியும், துணியை அலசுவதற்கு வேறொரு வாளியும் வையுங்கள்; மேலிருந்து கீழாக, நேர்க்கோட்டில் துடையுங்கள். தரையில் விழுந்த துணியை அன்றைக்கு வண்டியின்மேல் வைக்கவே கூடாது.

ஃப்ளாக் வாசகன்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பின்கதவில் மென்மையான பாலிஷால் கையாலேயே தேய்த்துப் பார்த்தேன். ஆல்கஹாலால் துடைத்த பிறகும் தோகைக் கோடுகள் அநேகமாகக் கண்ணுக்குத் தெரியவில்லை. காம்பவுண்டு தேவைப்படவில்லை. வெளுத்த கோட்டில் மட்டும் நகம் சிக்குகிறது, தண்ணீர் தெளித்தாலும் மறையவில்லை. அதற்கு என்ன செய்வது?

ரோஸ் ஹில் பட்டறைக்காரர்

அந்தக் கோட்டில் பாலிஷ் பேடை வைக்காதீர்கள், தம்பி. அதை மறைக்கும் அளவுக்குத் தேய்த்தால் சுற்றியுள்ள கிளியர் கோட்டும் போய்விடும். முதலில் தார் நீக்கும் திரவத்தால் துடைத்துப் பாருங்கள். வேறொரு பொருளின் வண்ணம் ஒட்டியிருந்தால் அது நீங்கி, கோடு மெலியும். நீங்காவிட்டால் தெரிவது பிரைமர். பிரைமரைத் தாண்டி இரும்பு பளபளத்தால் மட்டும் தாமதிக்காதீர்கள். கடற்காற்றின் உப்பு ஃப்ளாக் வரைக்கும் வரும், துரு பெயின்டுக்கு அடியில் புகுந்து பரவத் தொடங்கிவிடும்.

கதவைத் திறந்தால் தூணிலோ, எஞ்சின் அறையிலோ ஒரு தகட்டில் வண்ணக் குறியீடு பொறிக்கப்பட்டிருக்கும். அதைப் படமெடுத்துச் சென்று, அதே நிறத்தில் டச்-அப் பெயின்ட் வாங்குங்கள். கோட்டை ஆல்கஹாலால் துடைத்து உலரவிட்டு, புட்டியோடு வரும் தூரிகையை விட்டுவிட்டுப் பல்குச்சியின் நுனியால் கோட்டுக்குள் மட்டும் இறங்குமாறு மெல்லிய படலமாக வையுங்கள். ஒரு படலம் நன்றாக உலர்ந்த பின்பே அடுத்தது. சுற்றுப் பரப்பைவிடச் சற்றுத் தாழ்வாக இருக்கும்போது நிறத்தை நிறுத்திவிட்டு, மேலே கிளியர் கோட் புட்டியிலிருந்து வையுங்கள். கோடு அருகில் நின்று பார்த்தால் தெரியும். இரண்டு எட்டுத் தள்ளி நின்றால் தெரியாது. தண்ணீர்த்தாளால் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்த்துச் சமன்செய்யச் சொல்பவர்கள் உண்டு; முதல்முறை செய்பவர் ஒரு விரல் நீளக் கோட்டுக்காக அந்த அபாயத்தை ஏற்க வேண்டியதில்லை.

பாலிஷ் செய்த கதவுகளுக்கு இப்போதே வாக்ஸ் பூசலாம். டச்-அப் வைத்த இடத்தை மட்டும், அது முழுவதும் இறுகும்வரை சில வாரங்கள் விட்டுவையுங்கள்.