விமானிகளின் தோல் சட்டை: ஜிப்புக்குப் பின்னால் இருக்கும் துண்டுக்கு என்ன பெயர்?

நண்பர்களுக்கு வணக்கம்.

இரண்டாம் உலகப்போர்க் கால அமெரிக்க விமானிகளின் தோல் சட்டைகளை அடையாளம் காண்பது பற்றி ஒரு கையேட்டை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். ஏ-2 என்ற வகையை அமெரிக்கத் தரைப்படையின் விமானப் பிரிவு 1931இல் ஏற்றது. அதற்கு முந்தைய ஏ-1இல் பொத்தான், இதில் ஜிப். ஜிப்பின் பல்லிடுக்கில் குளிர்காற்று புகாமலிருக்க, உள்பக்கமாக மேலிருந்து கீழ்வரை ஒரு தோல்துண்டு தைத்திருக்கும். விண்ட் ஃபிளாப் என்கிறார்கள். 'காற்றுத் தடுப்பான்' என்று எழுதிப் பார்த்தேன், ஏதோ இயந்திர உறுப்பு போல இருக்கிறது. உதவுங்கள்.

---

ஐயா, சொல் நம்மிடமே இருக்கிறது: மடல். காதுமடல், தாழைமடல். ஒரு பக்கம் ஒட்டி மறுபக்கம் விட்டு நிற்பது எதுவும் மடல்தான். மடி, மடங்கு, மடக்கு எல்லாம் இதன் உறவுகள். 'வளிமடல்' என்று எழுதுங்கள்.

'சட்டை'யையும் மாற்றலாம். முல்லைப்பாட்டில் பாசறையில் இருக்கும் யவனர் 'மெய்ப்பை புக்க' தோற்றத்தினர். வேற்றுநாட்டுப் படைவீரனின் மேலாடைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது? ஏ-2 பெரும்பாலும் குதிரைத்தோலில் தைத்தது. மடல் என்றதும் தலைவன் ஏறிவரும் பனைமடல் குதிரை எனக்கு நினைவுக்கு வருகிறது. குதிரையும் மடலும் நம் அகப்பாட்டில் முன்பே சேர்ந்தவை.

(பள்ளித் தமிழாசிரியர், ஓய்வு)

---

வணக்கம் ஐயா. நான் ஆம்பூர்ப் பக்கம் தோல் ஆடை தைக்கிறவன். மடல் அழகான சொல், ஆனால் இந்தச் சட்டையின் முன்பக்கம் இரண்டு பைகள் இருக்கின்றன. அவற்றை மூடும் துண்டும் மேல் ஓரம் மட்டும் தைத்ததுதானே? அதுவும் மடல், இதுவும் மடல் என்றால் படிக்கிறவர் எதைத் தொட்டுப் பார்ப்பார்? நாங்கள் பட்டன் பட்டி, ஜிப் பட்டி என்போம். உள்ளே இருப்பதால் இது உள்பட்டி. தையல்காரர் யாரிடம் சொன்னாலும் கை நேராக அங்கே போகும்.

---

பட்டி வடக்கிலிருந்து வந்தது. நமக்குப் பட்டி என்றால் ஆடுமாடு அடைக்கும் இடம், ஊர்ப்பெயரின் ஈறு. பட்டை என்றாலாவது மரப்பட்டையோடு சேரும்.

(தமிழாசிரியர்)

---

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். பழைய சட்டைகளைச் சேர்ப்பவள் நான். பின்கழுத்துக்குள் தைத்த துணிச்சீட்டில் வகை, வரைபட எண் 30-1415, ஒப்பந்த எண், தைத்த நிறுவனம் எல்லாம் இருக்கும். ஏரோ லெதர், ரஃப் வேர், டுபோ என்று பல நிறுவனங்கள். ஆனால் கைக்கு வரும் பலவற்றில் அந்தச் சீட்டு கிழிந்து போயிருக்கும். அப்போது துணை இந்த உறுப்புகள்தான்: ஜிப் டாலன் தயாரிப்பா கிரௌன் தயாரிப்பா, பைமூடி எப்படி வளைகிறது, காலர் நேராகக் கழுத்தில் தைத்ததா, இடையில் காலர் தாங்கி என்ற துண்டு இருக்கிறதா. கடற்படைச் சட்டை வேறு: ஆட்டுத்தோல், மென்மயிர்க் காலர். அதில் எம்-422ஏ என்ற வகையில் யு.எஸ்.என். (அமெரிக்கக் கடற்படை) என்ற எழுத்துகளைத் துளைகளாகக் குத்தியிருப்பது நீங்கள் பேசும் இதே உள்துண்டில்தான். ஆகவே பெயர் குழம்பினால் அடையாளமே குழம்பும். எனக்கு உள்பட்டி சரி. காலர் தாங்கியை மட்டும் பட்டி என்று சொல்லாதீர்கள்.

---

எல்லோருக்கும் நன்றி. உள்பட்டி, பைமூடி, காலர் தாங்கி என்று முடிவு செய்துவிட்டேன். மெய்ப்பை எனக்கு மிகவும் பிடித்தது, ஆனால் கையேடு முழுக்க அதை எழுதினால் பக்கத்துக்குப் பக்கம் விளக்கம் தர வேண்டியிருக்கும். முன்னுரையில் ஒரு வரி அதற்கு ஒதுக்குகிறேன். நாளை அனுப்புகிறேன்.

---

முன்னுரை வரிக்கு நன்றி. உள் + பட்டி 'உட்பட்டி' ஆகும். உட்பகை, உட்பொருள் என்று எழுதுகிற நாம் இங்கே மட்டும் ஏன் விட வேண்டும்?

(தமிழாசிரியர்)

---

ஐயா, உட்பட்டி என்றால் 'உட்பட்டு' என்று படித்துவிடுவார்கள். தைக்கிறவர்கள் வாயில் உள்பட்டிதான் வரும்.

---

வாயில் வருவது வேறு, அச்சில் வருவது வேறு. அனுப்புவதற்கு முன் திருத்துங்கள். வளிமடலை நான் இன்னும் விடவில்லை.

(தமிழாசிரியர்)