மறுமொழி: ‘ரன்’ – டிரம் அட்டைக்கு ‘ஓட்டு’ என்றே வைப்போம்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். ‘ரன்’ (run) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடும் நம் பேச்சில் ஐயா ஒருவர் எழுதியது இது:

> ‘ரன்’ வரும் இடமெல்லாம் ‘இயக்கு’ என்று போட்டுவிடலாம். கணினியில் ஏற்கெனவே அதுதான் புழங்குகிறது. தோல் தொழிலுக்கும் அதையே வைத்தால் சீராக இருக்கும்.

ஐயா, கணினியைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. ஆனால் நாம் இந்தப் பேச்சைத் தொடங்கியது ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் டேனரிகளில், அதாவது தோல் பதனிடும் ஆலைகளில், டிரம் அருகே தொங்குகிற அட்டைக்காக. டிரம் என்பது தோலை உள்ளே போட்டுச் சுற்றவிடும் பெரிய மரப் பீப்பாய். அந்த அட்டையை முழுக்கத் தமிழில் தர வேண்டும், டிரம்மில் நிற்பவர் யாரையும் கேட்காமல் படித்து வேலை செய்ய வேண்டும் என்பதுதான் நோக்கம். அதற்கு ‘இயக்கு’ பொருந்தாது என்று நினைக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அட்டையைப் பார்த்திராதவர்களுக்காக முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். தோல் டிரம்முக்குள் போனதும் எந்தச் சரக்கு, எவ்வளவு, எவ்வளவு நேரம் என்று வரிவரியாக எழுதியிருக்கும். அளவெல்லாம் தோல் எடையில் சதவீதம். தோலைப் பதப்படுத்தும் குரோம் உப்பைப் போடும் அட்டை என்றால் இப்படிப் போகும்: தண்ணீரும் உப்பும் போட்டு 10 நிமிடம் ரன். பத்து மடங்கு தண்ணீரில் கலந்து ஆறவைத்த கந்தக அமிலத்தைத் தவணை தவணையாக ஊற்றி, ஒவ்வொரு தவணைக்கும் ரன். பி.எச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண், அமிலம் கூடினால் குறையும்) 3-க்குக் கீழே இறங்கியதா என்று பார்த்துவிட்டு, குரோம் பவுடர் 8 சதவீதம், 60 நிமிடம் ரன். பிறகு தோலின் கனமான இடத்தில் ஒரு துண்டு வெட்டி, வெட்டுமுகத்தில் நீலம் நடு வரைக்கும் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெள்ளைக்கோடு தெரிந்தால் இன்னும் ரன். நீலம் முழுக்க இறங்கிய பிறகுதான் சோடா போட்டு பி.எச்-ஐ 3.8 பக்கம் ஏற்றுவார்கள். அதற்கும் தவணை, தவணைக்குத் தவணை ரன்.

இத்தனை ‘ரன்’னுக்கும் பொருள் ஒன்றுதான்: போட்ட சரக்கோடு டிரம் இவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டே இருக்கட்டும். சுவிட்சைத் தட்டுவது ஒரு நொடி வேலை. அட்டை கேட்பது அந்த நொடியை அல்ல, அதற்குப் பின்னால் வருகிற அறுபது நிமிடத்தை. ‘இயக்கு’ என்று படித்தால் பெரும்பாலானவர் மனதில் முதலில் வருவது அந்த சுவிட்ச்தான். ‘60 நிமிடம் இயக்கு’ என்று எழுதினால் பொருள் புரியும், தவறில்லை. ஆனால் டிரம்மில் நிற்கிற யாரும் அப்படிச் சொல்வதில்லை. மேஸ்திரி சொல்வது, ‘இன்னும் அரை மணி நேரம் ஓட்டு.’ பதில் வருவது, ‘ஓடிக்கிட்டுதான் இருக்கு.’ சொல் அங்கேயே இருக்கிறது. நாம் அதை எடுத்து அட்டையில் எழுதினால் போதும்.

நம் பேச்சுத் தமிழ் இந்த வேறுபாட்டை எவ்வளவு துல்லியமாக வைத்திருக்கிறது என்று பாருங்கள். கிணற்று மோட்டாரைப் ‘போடு’ என்கிறோம். போட்ட பிறகு மோட்டார் ‘ஓடுகிறது’. மின்விசிறியும் அப்படியே. குடியாத்தத்திலிருந்து எழுதிய அக்கா, அங்கே விசைத்தறிக்காரர்கள் ‘தறி ஓட்டுகிறோம்’ என்றுதான் சொல்வார்கள் என்று போன மடலில் குறிப்பிட்டிருந்தார். தொடங்குவதற்கு ஒரு சொல், தொடர்ந்து நடப்பதற்கு ஒரு சொல். இதை ஒரே ‘இயக்கு’க்குள் அடைத்தால் இருப்பதை இழக்கிறோம்.

இன்னொன்று. ஆங்கிலத்தில் டிரம் தானாக ஓடினாலும் ‘ரன்’, நாம் அதை ஓட்டினாலும் ‘ரன்’. தமிழில் ஓடு–ஓட்டு, உருள்–உருட்டு, இயங்கு–இயக்கு என்று இரட்டையாக வருகிறது. அட்டைக்கு இது பெரிய வசதி. கட்டளை வரியில் ‘ஓட்டு’. நிலையைக் குறிக்கும் பலகையில் ‘ஓடுகிறது’. ஓடும் டிரம்மின் பக்கம் கை நீட்டக் கூடாது என்று எச்சரிக்கை எழுதும்போது ‘டிரம் ஓடுகிறது, தள்ளி நில்லுங்கள்’ என்று எழுதினால் யாருக்கும் சந்தேகம் வராது.

இனி, ‘ஆங்கிலச் சொல் ஒன்று, தமிழ்ச் சொல்லும் ஒன்றாக இருக்க வேண்டாமா’ என்ற கேள்வி. மற்ற சொற்களுக்கு இருக்கலாம், ‘ரன்’னுக்கு வேண்டவே வேண்டாம். ஆக்ஸ்போர்டு பேரகராதிக்காக இந்தச் சொல்லைப் புதிதாக ஆராய்ந்து எழுதியபோது, வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள் தேறியதாக 2011-ல் செய்தி வந்தது. அதற்கு முன் 1989 பதிப்பில் ‘செட்’ என்ற சொல்தான் மிக நீளமான பதிவாக இருந்தது. 645-க்கும் ஒரு தமிழ்ச் சொல் தேடுவது வீண் வேலை. அவர்களுக்கு மூக்கும் ‘ரன்’ ஆகும், நமக்கு ஒழுகும். துணியில் சாயம் நமக்குப் போகும். கடையை நடத்துகிறோம். தேர்தலில் அமெரிக்காவில் ஓடுகிறார்கள், இங்கே நிற்கிறார்கள், இங்கிலாந்திலும் நிற்கத்தான் செய்கிறார்கள். அதே சமயம் காட்பாடி பஸ்ஸும் ஓடுகிறது, படமும் நூறு நாள் ஓடுகிறது, மழை நன்றாகப் பெய்தால் பாலாறும் ஓடுகிறது. 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடியபோது பாலத்தில் நின்று பார்க்காதவர்கள் வேலூரில் குறைவு. தமிழ் ‘ஓடு’வுக்கும் பரப்பு சின்னதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

‘ஓடு என்பது கால் உள்ளவற்றுக்குத்தானே, இயந்திரத்துக்குப் பொருந்துமா’ என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். ‘கடலோடா கால்வல் நெடுந்தேர் கடலோடும் நாவாயும் ஓடா நிலத்து’ என்பது குறள். தேர் நிலத்தில் ஓடுகிறது, கப்பல் கடலில் ஓடுகிறது. சக்கரம் உள்ளதற்கும் இல்லாததற்கும் வள்ளுவர் ஒரே வினையைத்தான் வைத்தார். அச்சில் சுழலும் மர டிரம்முக்கு அது பொருந்தாமல் போகாது.

அப்புறம் ‘சுற்று’ என்று இரண்டு பேர் பரிந்துரைத்திருந்தீர்கள். நல்ல சொல், ஆனால் டிரம்மில் அதற்கு வேறு வேலை இருக்கிறது. சுண்ணாம்பு போடும்போது டிரம் மெதுவாகச் சுற்ற வேண்டும், குரோமுக்கும் சாயத்துக்கும் வேகம் கூட்டுவார்கள். அதை ‘நிமிடத்துக்கு இத்தனை சுற்று’ என்றுதான் எழுதியாக வேண்டும். ஒரே அட்டையில் வேகத்துக்கும் ‘சுற்று’, நேரத்துக்கும் ‘சுற்று’ என்று வந்தால் ‘10 சுற்று’ என்ற வரியை எப்படிப் படிப்பது? அவசரத்தில் தப்பாகப் படிக்க இடம் கொடுக்கக் கூடாது.

‘ஓட்டு’ மீது வந்த எதிர்ப்பில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான்:

> ‘ஓட்டு’ என்றால் ஜனங்களுக்கு முதலில் தேர்தல்தான் நினைவுக்கு வரும்.

தனியாக எழுதினால் வரும், ஒப்புக்கொள்கிறேன். கணினித் திரையில் ஒரு பொத்தானின் மேல் ‘ஓட்டு’ என்று மட்டும் இருந்தால் வாக்குப் போடும் பொத்தான் என்றே நினைப்பார்கள். அதனால்தான் அங்கே ‘இயக்கு’ இருக்கட்டும் என்கிறேன். அட்டையில் அது தனியாக வராது. முன்னால் சரக்கு இருக்கும், அளவு இருக்கும், நேரம் இருக்கும், கடைசியில் வினை. ‘குரோம் 8 சதவீதம் – 60 நிமிடம் ஓட்டு’ என்ற வரியைத் தேர்தலோடு குழப்பிக்கொள்ள முடியாது. பஸ்ஸில் ‘ஓட்டுநர்’ என்று எழுதியிருப்பதை யாரும் வாக்காளர் என்று படிப்பதில்லையே.

பெயர்ச்சொல்லுக்கு ‘ஓட்டம்’. முதல் ஓட்டம், இரண்டாம் ஓட்டம், ஓட்டநேரம். மின்னோட்டம், நீரோட்டம் எல்லாம் பள்ளிப் பாடத்திலேயே இருப்பதால் இது புதிதாகத் தோன்றாது. புது டிரம்மைத் தோல் போடாமல் தண்ணீர் மட்டும் விட்டு ஓட்டிப் பார்ப்பதற்கு ‘ட்ரையல் ரன்’ என்கிறார்கள். அதற்கு நாம் எதையும் உருவாக்க வேண்டாம். புதுத் தேர் செய்து திருவிழாவுக்கு முன் வீதியில் இழுத்துப் பார்ப்பதற்கு ‘வெள்ளோட்டம்’ என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சொல் இருக்கிறது. டிரம்முக்கும் அதுவே. இந்த ஒரு சொல்லை அட்டையில் ஏற்றிவிட்டாலே எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

‘ரன் ஆஃப்’ என்று சில அட்டைகளில் வருவது வேறு. அது பழைய தண்ணீரைத் திறந்துவிடுவது. அங்கே ‘வடித்துவிடு’.

எனக்கு இன்னும் முடிவாகாத இடம் ஒன்று இருக்கிறது. சுண்ணாம்பில் ராத்திரி முழுக்கத் தோல் கிடக்கும்போது டிரம்மைத் தொடர்ந்து ஓட்டக் கூடாது. ஊறி உப்பியிருக்கும் தோல் ஒன்றோடொன்று உரசி மேல்பரப்பு கெட்டுவிடும். அதே சமயம் ஓட்டாமலே விட்டால் சுண்ணாம்பு அடியில் தங்கி, ஒரு பக்கம் பிடித்து ஒரு பக்கம் பிடிக்காமல் போகும். அதனால் மணிக்கு 5 நிமிடம் ஓட்டி நிறுத்துவார்கள். ஆங்கில அட்டையில் இது ஒரே துண்டு வரி. தமிழில் ‘விட்டுவிட்டு ஓட்டு’ என்று எழுதலாம், எல்லோருக்கும் புரியும். ஆனால் ‘விட்டுவிட்டு’ என்பதை ‘அப்படியே விட்டுவிட்டுப் போ’ என்று ராத்திரி ஷிப்டில் வருபவர் எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற பயம் எனக்கு உண்டு. ‘இடைவிட்டு ஓட்டு’ கொஞ்சம் புத்தகத்தனமாக இருக்கிறது. இப்போதைக்கு ‘இரவு முழுவதும் ஊறட்டும், மணிக்கு ஒருமுறை 5 நிமிடம் ஓட்டு’ என்று முழு வரியாகவே எழுதியிருக்கிறேன். டிரம்மில் வேலை பார்த்தவர்கள், அல்லது வீட்டில் அந்த வேலை பார்த்தவர்கள் இருப்பவர்கள், இதற்கு அங்கே வாயில் வருகிற சொல் என்ன என்று கேட்டு எழுதினால் அதையே போட்டுவிடலாம். குறிப்பாகப் பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கத்து உறுப்பினர்கள் கேட்டுச் சொல்லுங்கள்.

அன்புடன்,
வேலூரிலிருந்து