குடல் மாற்று செய்த பிள்ளைக்கு மருந்தை நிறுத்தும் காலம் வருமா?

கொட்டகலை மாமா:
வணக்கம். என் தங்கச்சியின் மகனுக்குச் சிறுவயதில் சிறுகுடல் முறுக்கிக்கொண்டு அழுகிவிட்டது. பெரும்பகுதியை வெட்டி எடுத்தார்கள். கழுத்து நாளம் வழியாகச் சத்துநீர் ஏற்றித்தான் பிள்ளையைக் காப்பாற்றினோம். அந்தக் குழாயில் கிருமி ஏறி ஏறி, இனித் தாங்காது என்ற கட்டத்தில் சென்னையில் குடல் மாற்று நடந்தது. இன்று சோறும் பருப்பும் சாப்பிடுகிறான், பாடசாலைக்கு நடந்தே போகிறான்.

இப்போது, உடம்பு புதுக் குடலைத் தள்ளிவிடாதபடி எதிர்ப்புச் சக்தியை அடக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையால் சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியேட்டினின் என்ற கழிவு இரத்தத்தில் கூடுகிறது என்கிறார் டாக்டர். லயத்துப் பெரியவர் ஒருவரோ, "உடம்பு குடலை ஏற்றுக்கொண்டுவிட்டது, இனி எதற்கு மருந்து?" என்கிறார். தங்கச்சியின் மனம் அந்தப் பக்கம் சாய்கிறது. உடம்பு பிறர் உறுப்போடு பழகிக்கொள்வது உண்மையில் நடக்குமா?

நானுஓயா அக்கா:
தம்பி, இன்றிரவு மாத்திரையைத் தவறவிடாதீர்கள். மற்றதெல்லாம் பிறகு. மாற்று உறுப்பு வார்டில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். நன்றாக இருக்கிறோம் என்று நம்பி மருந்தை விட்டவர்கள் எந்த நிலையில் திரும்பி வந்தார்கள் என்பதைப் பார்த்திருக்கிறேன்.

பழகிக்கொள்வது உண்மைதான். ஒரே கருப்பையில் இரத்தம் கலந்து வளர்ந்த இரட்டைக் கன்றுகளில் ஒன்றின் இரத்த அணுக்கள் மற்றதன் உடலில் வளர்ந்த பிறகும் நிலைத்திருப்பதை ரே ஓவன் என்ற விஞ்ஞானி 1945இல் எழுதினார். 1953இல் பீட்டர் மெடவார் என்ற விஞ்ஞானியின் குழு, பிறவாத எலிக்குட்டிகளுக்கு வேறு இன எலியின் அணுக்களைச் செலுத்தியது. அவை வளர்ந்ததும் அந்த இனத்தின் தோலை ஒட்டினார்கள். உடல் அதைத் தள்ளவில்லை. அதற்கு 1960இல் நோபல் பரிசு. ஆனால் அந்தக் குட்டிகளின் எதிர்ப்புச் சக்தி அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது. உங்கள் மருமகனுடையது முற்றிய எதிர்ப்புச் சக்தி.

அதிலும் குடல் தனி ரகம். கல்லீரல் மாற்றியவர்களில் சிலருக்கு மருத்துவர் கண்காணிப்பில் மருந்தை முழுதாக நிறுத்த முடிந்திருக்கிறது. குடலில் அப்படி ஒரு நடைமுறை இல்லை. குடலின் சுவருக்குள்ளும் அதைத் தாங்கும் நிணநீர்க் கணுக்களிலும் கொடையாளரின் எதிர்ப்பு அணுக்கள் கூட்டம் கூட்டமாக வருகின்றன. உள்ளே கோடிக்கணக்கான கிருமிகள் வேறு. இரு தரப்பு அணுக்களும் ஒன்றையொன்று தாக்கும். நாள்பட நாள்பட, ஒட்டிய குடலுக்குள் இருக்கும் எதிர்ப்பு அணுக்களில் பெரும்பாலானவை பிள்ளையின் சொந்த அணுக்களாக மாறிவிடும். உட்புறத் தோல் மட்டும் கொடையாளருடையதாகவே நிற்கும். ஒரே உறுப்பில் இரண்டு பேர். என்னை இன்றும் வியக்க வைப்பது இது.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மெகன் சைக்ஸின் குழு கண்டது இன்னும் ஆச்சரியம். குடலோடு வந்த கொடையாளரின் டி அணுக்கள் என்ற எதிர்ப்பு அணுக்கள், நோயாளியின் எதிர்ப்பு அணுக்களை ஓரளவு அடக்கி, கொடையாளர் அணுக்கள் இரத்தத்தில் தங்க இடம் உண்டாக்குகின்றன. அப்படித் தங்கியவர்களிடம் குடல் நிராகரிப்பு, அதாவது உடம்பு குடலைத் தள்ளுவது, குறைவாக இருந்தது. எதிர்கால சிகிச்சைக்கு இது பெரிய வழி. ஆனால் அவர்கள் மருந்தை நிறுத்தியவர்கள் அல்லர்.

பெரியவர் பார்க்கும் அமைதி மருந்து தரும் அமைதி. சிறுநீரகம் மாற்றியவருக்குக் கிரியேட்டினின் ஏறினால் ஆபத்தென்று உடனே தெரியும். குடலுக்கு அந்த மாதிரி நம்பகமான இரத்தப் பரிசோதனை இல்லை. உள்ளே கமரா விட்டுச் சதைத்துணுக்கு எடுத்துப் பார்த்தால்தான் உறுதி. உட்தோல் உரிந்தால் கிருமி நேரே இரத்தத்தில் கலக்கும். அப்போது இங்கிருந்து கண்டிக்குப் போகும் நேரமே நமக்குப் பெரிது.

சிறுநீரகக் கவலை நியாயமானது. அதற்கு வழி, டாக்டரே டாக்ரோலிமஸ் அளவைக் குறைத்து, வேறு மருந்தைத் துணைக்குச் சேர்ப்பது. அதைக் கேளுங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் அன்றே சொல்லுங்கள்: அது நிராகரிப்பின் அறிகுறியாக இருக்கலாம், தொற்றாகவும் இருக்கலாம். அதே வயிற்றுப்போக்கு டாக்ரோலிமஸ் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும். உடம்பில் நீரும் வற்றினால் சிறுநீரகத்துக்கு இரட்டை அடி.

வெலிமடை தங்கச்சி:
நான் சிறுநீரகம் மாற்றியவள், இதே மாத்திரைதான். அக்கா சொன்னதோடு ஒன்று: ஜம்போலா (பம்பளிமாஸ்) கொடுக்காதீர்கள். வீட்டு மரத்துப் பழம்தானே என்று நினைப்போம், அது மருந்தின் அளவை இரத்தத்தில் கூட்டிவிடும். மருந்தின் கம்பெனியையும் டாக்டரைக் கேட்காமல் மாற்றாதீர்கள். பெரியவர் கஷாயம் தந்தாலும், மனம் நோகாமல் மறுத்துவிடுங்கள்.

கொட்டகலை மாமா:
மிக்க நன்றி. தங்கச்சிக்கு வாசித்துக் காட்டினேன். அழுதாள், பிறகு மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள். அடுத்த கிளினிக்கில் அளவைப் பற்றி நானே கேட்கிறேன். ஒரு சந்தேகம்: இரத்தம் எடுக்கும் நாளில், விடியற்காலை பஸ்ஸுக்கு முன் மாத்திரையைக் கொடுத்துவிடலாமா?

நானுஓயா அக்கா:
வேண்டாம் தம்பி. முந்தின இரவு மாத்திரைக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்பு எடுக்கும் இரத்தம்தான் சரியான அளவைக் காட்டும். மாத்திரையைக் கையோடு கொண்டுபோங்கள். இரத்தம் எடுத்த உடனே, அங்கேயே விழுங்கச் சொல்லுங்கள். கிளினிக் அட்டையில் கடைசி மாத்திரை நேரத்தை எழுதிக் காட்டுங்கள்.