முகமாலைக் காணி

(முகமாலை, வட இலங்கை. குடும்பக் குழு, 2025 பெப்ரவரி)

பெரியமாமா (ரொறன்ரோ): அமெரிக்கா வெளிநாட்டு உதவியளை நிப்பாட்டிப்போட்டுது, பாத்தீங்களே? நல்லதுதான். இத்தனை வரியமாக் காசு வாங்கி எந்த நாடு உருப்பட்டது?

சுகி: மாமா, முகமாலையில மிதிவெடி எடுக்கிற ஆக்களுக்கும் வேலை நிண்டுபோச்சு. பக்கத்து வீட்டு அக்கா வீட்டிலதான் நிக்கிறா. மூண்டு பிள்ளையளை அந்தச் சம்பளத்திலதான் படிப்பிச்சவ.

பெரியமாமா: நான் சொல்லுறது றெயில், ரோட்டு எண்டு வாங்கிறதுகளை பிள்ளை.

சின்னண்ணை (லண்டன்): அது கடன் மாமா. யாழ்தேவி 2014 இல இந்தியக் கடனிலதான் யாழ்ப்பாணம் வந்தது. ஐஎம்எஃப் 2023 இல ஓமெண்ட 300 கோடி டொலரும் கடன். வெடி எடுக்கிற காசு இனாம். ரெண்டையும் ஒரு சாக்கில போடாதேங்கோ.

பெரியமாமா: வெடி எடுத்தா நாடு வளருமோ?

அம்மா: அண்ணை, இஞ்ச தேங்காய் 200 ரூபா. வெடி எடுத்த எங்கட காணித் துண்டு 2018 இல கைக்கு வந்து, அடுத்த வரியம் வைச்ச தென்னம்பிள்ளையள். நேற்று 34 காய் இறக்கினனான்.

சுகி: 😂😂 மாமா கதைக்கமாட்டார் இனி

சின்னண்ணை: தென்னைக்கு ஒருத்தனும் ஒரு சதம் தரேல்லை. நிலத்தைத் துப்புரவாக்கித் தந்தவங்கள், மிச்சம் அம்மா ஊத்தின தண்ணி.

அம்மா: துப்புரவாக்கினது லேசில்லை. எறிகணைத் துண்டுக்கெல்லாம் கருவி கத்தும். அந்தப் பிள்ளையள் வெயிலுக்க முழங்காலில இருந்து மண்ணை வாரி வாரிப் பாத்தவை.

பெரியமாமா: அப்ப அரசாங்கமே எடுத்து நடத்தட்டன். 1990 எண்ட நம்பருக்கு அடிச்சா வாற அம்புலன்சும் இந்தியா குடுத்ததுதானே, இப்ப ஆர் நடத்தினம்?

சின்னண்ணை: அது சரி, நல்ல கேள்வி. ஆமியும் எடுக்குதுதான். ஆனா 2022 இல கடன் கட்டேலாதெண்டு கை விரிச்ச நாடு மாமா. 2028 ஜூனுக்குள்ள வெடி எடுத்து முடிக்கவேணுமெண்டு மிதிவெடித் தடை ஒப்பந்தம் வேற. எந்த ஊர்ப் பேரில ஒப்பந்தம், தெரியுமே?

பெரியமாமா: ஒட்டாவா. 1997 இல அவங்கள் கையெழுத்து வைக்கேக்க நான் இஞ்ச ஸ்நோ வழிச்சுக்கொண்டு நிண்டனான்.

அம்மா: அண்ணை, உங்கட பங்குத் துண்டில இன்னும் மண்டையோட்டுப் பலகை நிக்குது. இந்த மாசம் துவங்கிறமெண்டு சொல்லியிருந்தவை.

பெரியமாமா: எப்ப திரும்பத் துவங்குவினமாம்?

சுகி: 90 நாள் எண்டுதான் சொல்லியிருக்கினம் மாமா.