வெயிட்டான பொருளும் லேசான பொருளும் சறுக்கினா ஒரே தூரத்துல நிக்குமா? குழப்பமா இருக்கு

கேள்விக்கொக்கி:
வணக்கம் மக்களே, கொஞ்ச நாளா இது மண்டைய கொடையுது. வழுவழுப்பான தரையில ரெண்டு மரப்பெட்டி, ஒண்ணு 10 கிலோ இன்னொண்ணு 20 கிலோ, ரெண்டையும் வினாடிக்கு 3 மீட்டர் வேகத்துல சறுக்க விட்டா எது முதல்ல நிக்கும்? நான் 10 கிலோ பெட்டிதான்னு அடிச்சு சொல்லிருப்பேன், ஆனா கணக்கு போட்டா நிறை கேன்சல் ஆகி ரெண்டும் ஒரே தூரத்துல நிக்குதுன்னு வருது. அது எப்படி, தள்ளும்போது மட்டும் 20 கிலோ பெட்டி நம்ம உயிர வாங்குதே? லோடு ஏத்துன லாரி பிரேக் போட்டாலும் லேட்டாதானே நிக்குது? ஃபார்முலாவ மட்டும் எழுதிட்டு ஓடிடாதீங்க, ஏன்னு சொல்லுங்க.

உராய்வுப்பிரியன்:
கணக்கு சரிதான் ப்ரோ. நிறை இங்க ரெண்டு பக்கமும் ஆடுது. ஓடிட்டு இருக்கறத நிறுத்த விடாம அடம்பிடிக்கிறது நிறைதான், அதே நிறைதான் பெட்டிய தரையோட அழுத்தி உராய்வையும் கூட்டுது. 20 கிலோவ நிறுத்த டபுள் விசை வேணும், அந்த டபுள் விசைய தரையே குடுத்துடுது.

உராய்வு குணகம் (பெட்டி தரைய அழுத்துற விசையில எவ்வளவு பங்கு உராய்வா வருதுன்னு சொல்ற எண்) 0.3ன்னு வச்சுக்கோங்க. 10 கிலோ பெட்டிக்கு உராய்வு 29.4 நியூட்டன், 20 கிலோவுக்கு 58.8. அத அதுஅதோட நிறையால வகுத்தா ரெண்டுக்கும் வேகம் குறையற ரேட் 2.94தான், அதாவது ஒவ்வொரு வினாடியும் வேகத்துல 2.94 மீட்டர் போயிடும். 3 மீட்டர் வேகத்துல விட்டீங்கன்னா ரெண்டுமே ஒரு வினாடியில, ஒன்றரை மீட்டர் தாண்டி நின்னுடும்.

தள்ளுறப்போ கதை வேற, ஏன்னா பெட்டி கனமாச்சுன்னு உங்க கை விசை கூடாது. 50 நியூட்டன்ல தள்ளுறீங்கன்னா 10 கிலோ பெட்டியில உராய்வு போக 20.6 மிச்சம், அது ஜம்முனு வேகம் எடுக்கும். 20 கிலோ பெட்டிக்கு 58.8 வேணுமே, உங்க 50 அங்க பத்தவே பத்தாது, அசையாது. ஏற்கனவே ஓடிட்டு இருந்தாலும் நீங்க தள்ளத் தள்ளவே வேகம் குறைஞ்சு நின்னுடும்.

இன்னொண்ணு, நிக்கிற பொருள கிளப்ப வேண்டிய விசை ஓடுற பொருளுக்கு வேண்டியதவிட பொதுவா கொஞ்சம் அதிகம். பீரோவ நகத்தும்போது பாருங்க, முக்கி முக்கி தள்ளுவோம், ஒண்ணும் ஆகாது, திடீர்னு படக்குனு நகர்ந்து நம்மளையே முன்னாடி இழுத்துட்டு போகும். அந்த செகண்ட்ல உராய்வு குறைஞ்சிடுச்சு, நாம இன்னும் பழைய விசையிலயே தள்ளிட்டு இருக்கோம்.

கேள்விக்கொக்கி:
சூப்பர். அப்போ ஓடிட்டு இருக்கற 10 கிலோ பெட்டிய கரெக்டா 29.4 நியூட்டன்ல தள்ளுனா? மிச்சம் ஜீரோ, நின்னுடுமா?

உராய்வுப்பிரியன்:
நிக்காது, என்ன வேகத்துல போகுதோ அதே வேகத்துல போயிட்டே இருக்கும். இங்கதான் எல்லாரும் சறுக்குறது (பெட்டி இல்ல, நாமதான்). விசை வேகத்த குடுக்குறது இல்ல, வேகத்த மாத்துது. நியூட்டன் 1687ல எழுதி வச்சது, அதுக்கு முன்னாடியே கலிலியோ சாய்வுப்பலகையில குண்டு உருட்டி இந்தப் பக்கம் வந்துட்டார். ஆனா நாம பாக்குற எதுலயும் உராய்வு இருக்கறதால, தள்ளுறத விட்டா நிக்குது, அதனால தள்ளுனாதான் ஓடும்னு மனசுல பதிஞ்சு போச்சு.

கிரீஸ்கை:
லாரி கேள்விக்கு யாரும் பதில் சொல்லல, நான் பிரேக் வேலை பாக்குறவன். பெட்டி கணக்கு லாரிக்கும் பொருந்தும், ஆனா டயர் ரோட்ட பிடிக்கிற அளவு முழுசுக்கும் பிரேக்கால இழுத்துப் பிடிக்க முடிஞ்சாதான். பாரம் ஏத்தினா டயர் பிடிப்பு கூடிடும், ஆனா சக்கரத்தோட சுத்துற பிரேக் டிரம்மும், அதுல உரசி நிறுத்துற லைனிங் பட்டையும் அதே சைஸ்தானே. 25 டன் வண்டி 60 கிலோமீட்டர் வேகத்துல வந்தா நிறுத்துறதுக்கு கிட்டத்தட்ட 35 லட்சம் ஜூல் சூடா மாறணும், பெரும்பாலும் அந்த டிரம்லதான். இறக்கத்துல பிரேக்க மிதிச்சுக்கிட்டே வந்தா லைனிங் சூடேறி பிடிப்பே போயிடும், அதான் இறக்கத்துல கியர குறைச்சு இறக்க சொல்றது. தமாஷ் என்னன்னா முழு லோடுக்கு செட் பண்ண பிரேக்குங்கறதால காலி வண்டியில கொஞ்சம் அழுத்தி மிதிச்சாலே சக்கரம் லாக் ஆகி குதிக்கும், சில நேரம் காலி வண்டிதான் மோசமா நிக்கும்.

சும்மாவந்தவன்:
தரை உராய்வுல நிறை கேன்சல் ஆகுது, ஆனா காத்துத் தடையில ஆகாது, இதையும் சேத்துக்கோங்க. டேபிள் டென்னிஸ் பால் 40 மில்லிமீட்டர், 2.7 கிராம். கோல்ஃப் பால் 42.67க்கு குறையக் கூடாது, வெயிட் 45.93 கிராம தாண்டக் கூடாது. சைஸ் ஏறக்குறைய ஒண்ணுதான், நிறை சுமார் 17 மடங்கு. ரெண்டையும் ஒரே வேகத்துல எறிஞ்சு பாருங்க, டேபிள் டென்னிஸ் பால் கொஞ்ச தூரத்துலயே தொங்கிப் போய் விழும். காத்துக்கு உள்ள இருக்கற நிறை தெரியாது, சைஸும் வடிவமும் வேகமும்தான் தெரியும், அதனால தடுக்குற விசை கிட்டத்தட்ட ஒண்ணு, லேசான பால்தான் மாட்டிக்கும். (கோல்ஃப் பால்ல இருக்கற குழி காத்துத் தடைய இன்னும் குறைக்கும், அது தனி கதை.) காத்தே இல்லாத நிலாவுல 1971ல அப்போலோ 15 போனப்ப டேவிட் ஸ்காட் சுத்தியலையும் இறகையும் ஒண்ணா விட்டார், ரெண்டும் ஒண்ணாவே விழுந்துச்சு.

கேள்விக்கொக்கி:
எல்லாருக்கும் நன்றி, தெளிவாயிடுச்சு. கடைசியா ஒண்ணு, நிறைய டபுள் பண்ணா தூரம் மாறல, வேகத்த டபுள் பண்ணா தூரமும் டபுளா?

உராய்வுப்பிரியன்:
இல்ல, நாலு மடங்கு. நிக்க எடுத்துக்கற நேரமும் டபுள், அந்த நேரத்துல போற சராசரி வேகமும் டபுள். அதே பெட்டிய 6 மீட்டர் வேகத்துல விட்டீங்கன்னா 1.53க்கு பதிலா 6.12 மீட்டர் போகும், எதிர்ல சுவர் இருக்கான்னு பாத்துட்டு விடுங்க.