தண்ணிக்குள் செவிப்பறை கிழிந்தால் எத்தனை நாள் இறங்காமல் இருக்கவேணும்?

கொட்டியாரம்:
மே தொடங்கி செப்டெம்பர் வரை திருகோணமலைக் கடல் அடங்கியிருக்கும் காலம். சங்குக்கும் கடலட்டைக்கும் இறங்கும் சுழியோடிகளிடம் ஒரே விடயம் திரும்பத் திரும்ப நடக்கிறது. 3, 4 மீற்றரில் காது வலி கூடிக்கொண்டே போகும், பிறகு 'டப்' என்று ஏதோ விடும். வலி நின்றுவிடும், தலை சுற்றும். மேலே வந்தால் காதில் இரண்டு சொட்டு இரத்தம். "வலி விட்டிட்டுது, இனிப் பயமில்லை" என்று அடுத்த நாளே இறங்குகிறார்கள். வீட்டில் உள்ளி போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் விடுகிறார்கள். எண்ணெய் விடலாமா? எத்தனை நாள் தண்ணியில் இறங்கக்கூடாது? உள்ளே அதைவிட ஆழமாக அடிபட்டிருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒலிமானி:
வலி விட்டது நல்ல குறி இல்லை. இழுபட்டு நின்ற சவ்வு கிழிந்தபடியால்தான் வலி விட்டது.

செவிப்பறை ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர் தடிப்பு, 9, 10 மில்லிமீற்றர் அகலம். 3 மீற்றர் ஆழத்தில் வெளியே அமுக்கம் 0.3 வளிமண்டலம் கூடிவிடும். செவிப்பறைக்குப் பின்னாலுள்ள நடுக்காதுக்குள் காற்றைச் சேர்த்துச் சமப்படுத்தாவிட்டால், அந்தச் சின்னச் சவ்வின் மேல் 200 கிராமுக்குக் குறையாத பாரம் ஏறுகிறது. கிழிந்ததும் கடல்தண்ணி நடுக்காதுக்குள் பாயும். உடம்பைவிடக் குளிரான தண்ணி ஒரு பக்கத்துச் சமநிலை உறுப்பை மட்டும் குளிராக்குவதால் தலை சுற்றுகிறது. தண்ணி உடம்புச் சூட்டுக்கு வந்ததும், ஒன்றிரண்டு நிமிடத்தில் சுற்று அடங்கவேணும்.

எண்ணெய் வேண்டவே வேண்டாம். ஓட்டை வழியாக நடுக்காதுக்குள் போனால் அங்கேயே நின்று கிருமிக்கு இடம் கொடுக்கும். ஜென்டமைசின், நியோமைசின் கலந்த சொட்டுமருந்து வீட்டில் மிச்சம் இருந்தாலும் விடாதீர்கள். அவை உட்காதுக்குப் போனால் கேட்கும் கலங்களைக் கெடுக்கக்கூடியவை. சீழ் வந்தாலோ அழுக்குத் தண்ணி போயிருந்தாலோ வைத்தியர் சிப்ரோபுளொக்சசின் போன்ற சொட்டு எழுதுவார்.

செய்யவேண்டியது காதை உலர்வாக வைப்பதுதான். வீட்டில் தலைக்குக் குளிக்கும்போது பஞ்சில் வாசலின் பூசி காது வாசலில் மட்டும் வையுங்கள், உள்ளே தள்ளாதீர்கள். குளித்து முடிந்ததும் எடுத்துவிடுங்கள். பலமாக மூக்குச் சிந்தக்கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மவேணும். வலிக்குப் பனடோல் போதும். பஞ்சுக்குச்சியும் ஊசிக்குழாயால் காது கழுவுவதும் கூடாது.

பெரும்பாலான கிழிசல் 6 முதல் 8 கிழமைக்குள் தானாகவே மூடும். ஆனால் நல்ல செவிப்பறைக்கு மூன்று படை: வெளியே தோல், நடுவில் நார், உள்ளே சளிச்சவ்வு. புதிதாக மூடிய இடத்தில் நடுவிலுள்ள நார்ப்படை பல வேளை சரியாக வராது. பார்க்க மூடியிருக்கும், பலம் இருக்காது. அதனால் மூடிய பிறகும் ஒரு மாதமாவது பொறுக்கவேணும் என்பது என் கருத்து. இறங்க முன்னர் காது, மூக்கு, தொண்டை வைத்தியர் கருவியால் பார்த்து, செவிப்பறை அசைவதையும் கேட்டல் அளவையும் சோதிக்கவேணும். 3 மாதத்தில் மூடாவிட்டால் சத்திரசிகிச்சைதான். காதுக்கு மேலுள்ள தசையின் மெல்லிய உறையை எடுத்து ஓட்டையில் ஒட்டுவார்கள்.

ஆழம்_12:
அது கிழியாமல் பார்க்கிறதைப் பற்றியும் சொல்லவேணும். வலி வந்த பிறகு சமப்படுத்துவதுதான் கனபேர் விடுகிற பிழை. ஏறக்குறைய 1.2 மீற்றர் வித்தியாசத்திலேயே ஊத்தேக்கியாவின் குழாயின் (மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுக்காதுக்குக் காற்றுப் போகும் குழாய்) வாய் அமுங்கிப் பூட்டிவிடலாம். பிறகு எவ்வளவு ஊதினாலும் திறக்காது. தண்ணிக்கு மேலேயே ஒரு தரம், பிறகு அரை மீற்றருக்கு ஒரு தரம், மெதுவாக. பழகாதவர்கள் கால் கீழாக, கயிற்றைப் பிடித்தபடி இறங்கினால் சுகம். காது விடவில்லையென்றால் ஒரு மீற்றர் மேலே ஏறி, மூக்கைப் பிடித்து எச்சிலை விழுங்கிப் பாருங்கள். அப்போதும் விடவில்லையென்றால் அன்றைக்குக் கரைதான்.

காதுக்குள் பஞ்சோ மெழுகோ அடைத்துக்கொண்டு இறங்கக்கூடாது. அடைப்புக்கும் செவிப்பறைக்கும் இடையில் காற்று சிறைப்பட்டு, சவ்வு வெளிப்பக்கமாகப் பிதுங்கும். தடிமனோடு மூக்குக்கு மருந்து விட்டு இறங்குவதும் ஆபத்து. கீழே இருக்கும்போது மருந்தின் வேலை முடிந்தால், ஏறும்போது காற்று வெளியேற வழியிருக்காது.

சிலிண்டரோடு இருக்கையில் கிழிந்து சுற்றினால் பாறையையோ கயிற்றையோ பிடித்து நில்லுங்கள், மூச்சை அடக்காதீர்கள். மேல் எது, கீழ் எது என்று தெரியாவிட்டால் குமிழி போகும் திசைதான் மேல். சுற்று அடங்கியதும் மெதுவாக ஏறுங்கள்.

கொட்டியாரம்:
நன்றி. சுற்று அடங்காவிட்டால்?

ஒலிமானி:
அப்போது செவிப்பறையோடு நிற்கவில்லை என்று எடுக்கவேணும். நடுக்காதுக்கும் உட்காதுக்கும் இடையில் வட்டப் பலகணி என்று ஒரு துவாரம், அதை மூடி இன்னொரு மெல்லிய சவ்வு. பூட்டிய காதைத் திறக்க மூக்கைப் பிடித்து முழுப் பலத்தோடு ஊதும்போது மண்டைக்குள் அமுக்கம் ஏறி, உட்காதுத் திரவம் வழியாக அந்தச் சவ்வை உள்ளிருந்து தள்ளும். அது கிழிந்தால் திரவம் ஒழுகும், கேட்கும் சக்தி நிரந்தரமாகவே போகலாம்.

வள்ளத்திலேயே பார்க்க ஒரு வழி: வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகச் சொல்லுங்கள். அடிபட்ட காதுப் பக்கம் சத்தம் கூடுதலாகக் கேட்டால் பழுது பெரும்பாலும் செவிப்பறை, நடுக்காது மட்டத்தில். நல்ல காதுப் பக்கம் கூடுதலாகக் கேட்டால் உட்காதைச் சந்தேகியுங்கள். வைத்தியசாலையில் 512 ஹேர்ட்ஸ் இசைக்கவையை (தட்டினால் ஒரே சுருதியில் ஒலிக்கும் இரு கவர் உலோகக் கருவி) நெற்றியில் வைத்துப் பார்ப்பதும் இதே தத்துவம்தான். முனகல் சரியாக இருந்தாலும், சுற்று, வாந்தி, காது இரைச்சல், திடீர்ச் செவிடு, முகம் ஒரு பக்கம் இழுபடுதல் இவற்றில் ஒன்று விடாமல் இருந்தால் அன்றைக்கே வைத்தியசாலை. சிலிண்டரில் இறங்கியவர் என்றால் ஆழத்தையும் நேரத்தையும் கட்டாயம் சொல்லுங்கள், அமுக்கக் குறைவு நோயிலும் (ஆழத்திலிருந்து ஏறும்போது உடம்புக்குள் வாயுக் குமிழி உண்டாவதால் வருவது) இதே சுற்று வரும். போகும்வரை தலையை 30 பாகை உயர்த்திப் படுக்க வையுங்கள். எஞ்சின் தூக்கவோ முக்கவோ விடாதீர்கள். "காது விடுதா பார்" என்று திரும்ப ஊதச் சொல்லாதீர்கள்.